மாடிப்படிக்குக் கீழே ஒரு மின்வாரியம்

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிடுவார். அட்வான்ஸ் எத்தனை மாசம், தண்ணீர் மெட்ரோவா போரா, பைக் எங்கே நிறுத்துவது, இரவு கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள். எல்லாம் படிந்து சாவிக்குக் கை நீட்டும்போதுதான் ஓனர் சார் தொண்டையைச் செருமுவார்.

"அப்புறம் தம்பி, கரண்ட்டு தனி. சப்-மீட்டர் இருக்கு. யூனிட் ஒம்போது ரூபா."

இதைச் சொல்லும் கணத்தில் அவர் வெறும் வீட்டுக்காரர் இல்லை, மின்வாரியம். 1957-ல் உருவான தமிழ்நாடு மின்வாரியத்தை 2010-ல் பிரித்தார்கள், 2024-ல் இன்னொரு தடவை பிரித்தார்கள். நங்கநல்லூரிலும் ஆதம்பாக்கத்திலும் மேற்கு மாம்பலத்துச் சந்துகளிலும் மாடிப்படிக்குக் கீழே நடக்கும் இந்த வாரியத்தை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை. கட்டணம் நிர்ணயிப்பவர், ரீடிங் எடுப்பவர், வசூலிப்பவர், பறக்கும் படை எல்லாமே நாலு முழ வேட்டி கட்டிய அந்த ஒரே ஆள்தான்.

அலுவலகம் படிக்கட்டுக்கு அடியில். காலி சிலிண்டர், காற்றில்லாத சைக்கிள், முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன கொசுவலை ஸ்டாண்டு. இவற்றுக்கு மேலே, பாரிமுனைக் கடையில் வாங்கிய கறுப்புப் பெட்டிகள் இரண்டு. ஒன்றில் 'மாடி', இன்னொன்றில் 'சைடு' என்று சாக்பீஸால் எழுதியிருக்கும். மூன்றாவதாக அரசாங்க மீட்டர் ஒன்று உண்டு. அதன் மேல் அவர் ஒரு பழைய காலண்டர் அட்டையைத் தொங்கவிட்டிருப்பார். தூசி படியாமல் இருக்கத்தானாம்.

குடிவருவதற்கு முன் நேர்முகத் தேர்வு உண்டு. சொந்த ஊர், வேலை, சைவமா அசைவமா என்ற வழக்கமான கேள்விகளை அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொள்வார். "ஏசி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டபின்தான் நிமிர்ந்து உட்காருவார். இல்லை என்றால் முகம் மலரும். உண்டு என்றால் எத்தனை டன், எத்தனை ஸ்டார், ராத்திரி முழுக்கப் போடுவீர்களா, பாதியில் அணைப்பீர்களா என்று விசாரணை விரியும். அடுத்து கீசர். அடுத்து இண்டக்‌ஷன் அடுப்பு. கேஸ் தீர்ந்தால் மட்டும் என்று சமாளித்தால், "இப்படித்தான் போன பார்ட்டியும் சொன்னாங்க" என்பார். அந்தப் போன பார்ட்டியை நாம் பார்த்ததே இல்லை. ஆனால் குடியிருக்கும் வரை அவர்களுடைய கெட்ட பழக்கங்கள் அத்தனையும் நமக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

சட்டம் படித்த குடித்தனக்காரர் யாராவது, 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவுப்படி உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் இணைப்பு கேட்கலாமே என்று சொல்லக்கூடும். தாராளமாகச் சொல்லலாம். பெட்டிகளை அவிழ்க்காமல் வைத்துக்கொண்டு சொல்வது நல்லது. மின் விநியோகம் செய்ய உரிமம் வேண்டும் என்று அதே சட்டத்தில் இருப்பதை மறந்தும் எடுத்துவிடக் கூடாது.

பகலில் பார்த்தால் இவரைப் போலத் தங்கமான மனுஷர் கிடையாது. கறிவேப்பிலை கேட்டால் கிளையையே ஒடித்துத் தருவார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாக ஆட்டோ பிடிப்பார். வாடகை பத்து நாள் தள்ளிப்போனாலும் முகம் சுளிக்க மாட்டார். அந்த மனுஷர் ஒண்ணாம் தேதி விடிகாலையில் வேறு ஆள்.

கையில் டார்ச், காதில் பேனா, கக்கத்தில் பழைய டைரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மீட்டருக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைப்பார். வேட்டி நுனியால் கண்ணாடிச் சில்லைத் துடைப்பார். கடைசி நம்பர் சிவப்பாக இருக்கும், அது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இவரும் சேர்ப்பதில்லைதான். சிவப்பில் எந்த நம்பர் எட்டிப் பார்த்தாலும் அடுத்த முழு யூனிட்டுக்குத் தூக்கிவிடுவதோடு சரி. "ஒரு சாட்சிக்கு நீங்களும் பாத்துக்கங்க சார்" என்று டார்ச்சை நம் கையில் கொடுப்பார். தூக்கக் கலக்கத்தில் நமக்கு எல்லா நம்பரும் எட்டாகத் தெரியும். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.

அவர் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம், அதில் கலை இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம் (அதற்குப் பிறகு இன்னும் ஏறிவிட்டது). மூன்று போர்ஷன், ஆளுக்கு இரண்டு மாசத்துக்கு 250 யூனிட், ஆக 750. முதல் 100 இலவசம், அடுத்த 300 யூனிட் நாலரை ரூபாய், அப்புறம் ஆறு, எட்டு, ஒன்பது என்று படியேறி மொத்தம் 4,100 ரூபாய் வருகிறது. குடித்தனக்காரர் இருவரும் எரித்த 500 யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வீதம் அவர் வசூலிப்பது 4,500. வாரியத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டி, தன் வீட்டு ஃபேன், ஃப்ரிட்ஜ், மெகா சீரியல் எல்லாவற்றையும் ஓசியில் ஓட்டி, கையில் நானூறு ரூபாய் மிச்சம். நஷ்டத்தில் ஓடுவதாகவே நாம் கேட்டுப் பழகிய துறையில், லாபம் காட்டுகிற ஒரே நிர்வாகம் இது. இந்த 250 யூனிட்டை நாம் தனி இணைப்பில் எரித்திருந்தால் பில் 450 ரூபாய்தான் என்ற விவரத்தை மனைவியிடம் சொல்லாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

அந்த 100 யூனிட் இலவசம் 2016-ல் வந்தது. அது தனக்கு முதலமைச்சர் நேரில் கொடுத்த சன்மானம் என்றே அவர் இன்றுவரை நம்புகிறார். அதில் பங்கு கேட்பது அவருடைய ஓய்வூதியத்தில் பங்கு கேட்பதற்குச் சமம்.

அவர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 500 யூனிட் வரை அடக்கமாக இருக்கும் பில், ஒரு யூனிட் தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணத்தையும் மாற்றிவிடும். அதே 2022 கணக்கில் 500-க்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958. ஒற்றை யூனிட்டுக்கு 233 ரூபாய் என்றால் யாருக்குத்தான் ரத்தக்கொதிப்பு வராது? அதனால்தான் மாடியில் மிக்ஸி ஓடும் ஒவ்வொரு முறையும் அவர் கூரையைப் பார்க்கிறார். "என்ன, இன்னிக்கு ரெண்டு சட்னியா?" என்று படிக்கட்டில் கேட்பது வெறும் குசலம் இல்லை.

2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்களே, அப்போது அவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். குடியிருப்பவரின் ஆதாரையும் இணைக்கலாம் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். ஆதார் ஏறினால் பெயர் ஏறும், பெயர் ஏறினால் பட்டா ஏறும் என்று அவருக்குள் ஒரு சங்கிலி ஓடியது. மாசக்கணக்காகக் கெடு தள்ளிக்கொண்டே போனது, அவர் தூக்கமும் தள்ளிக்கொண்டே போனது. இத்தனைக்கும் இணைப்பு அவர் பெயரிலேயே இல்லை. தகப்பனார் காலமாகிப் பல வருஷம் ஆகியும் வாரியத்தின் ஏட்டில் அவர்தான் நுகர்வோர். மறுவருஷம் பெயர் மாற்றத்துக்கு முகாம் போட்டபோதும் இவர் போகவில்லை. போனால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், தம்பிகள் கையெழுத்து வேண்டும், தம்பிகள் கையெழுத்துப் போட வந்தால் வேறு பேச்சும் பேசுவார்கள். ஆக, சொர்க்கத்திலிருந்து பெரியவரே பில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சர்வீஸ் நம்பரையும் அவர் வெளியே விடுவதில்லை. ராத்திரி கரண்ட் போய், நாம் 'மின்னகம்' நம்பருக்குப் போன் போட்டால் முதல் கேள்வியே சர்வீஸ் நம்பர்தான். கீழே இறங்கிக் கேட்டால், "எதுக்கு? நானே பேசிட்டேன், ஒரு ஃபேஸ் போயிருக்கு, வந்துடும்" என்பார் நிம்மதியாக. நிம்மதிக்குக் காரணம் உண்டு. எந்த ஃபேஸ் போனாலும் நல்ல ஃபேஸுக்கு மாற்றிக்கொள்ள அவர் போர்ஷனில் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இருக்கிறது. மாடிக்கும் சைடுக்கும் அதை இழுத்துத் தருவதாக ஒவ்வொரு கோடையிலும் சொல்வார். "எலக்ட்ரீஷியன்தான் வர மாட்டேங்கறான் சார். உள்ள வந்து உக்காருங்க, இங்க ஃபேன் ஓடுது." உட்கார்ந்தால் மோரும் வரும். வியர்வை அடங்க அந்த மோரைக் குடிக்கும்போது, மனுஷரை வெறுக்கவும் முடியாது.

காலி செய்யும் நாளன்று அட்வான்ஸைத் திருப்பித் தருவதில் அவர் நாணயஸ்தர். நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணிக் கொடுப்பார். வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை கழிவு, அது ஊர் வழக்கம். கடைசி ரீடிங்கும் கழித்தாகிவிட்டது. வண்டியில் பீரோ ஏறிவிட்டது, நாம் செருப்பை மாட்டுகிறோம். அப்போதுதான் டைரியைப் புரட்டிக்கொண்டே வாசலுக்கு வருவார்.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. நேத்து ராத்திரி மூட்டை கட்டுறப்ப மொட்டைமாடி லைட்டு விடிய விடிய எரிஞ்சுது. அது பொது லைன், சப்-மீட்டர்ல வராது. ஒரு யூனிட் போட்டுக்கலாமா?"