பாதி மீசை

“சென்னை தோத்தா பாதி மீசைய எடுத்துக்கறேன்டா!”

2008-ல் ஐ.பி.எல். ஆரம்பித்த நாளிலிருந்து அண்ணன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதன் பிறகு சென்னை அணி இறுதிப் போட்டியில் ஐந்து தடவை தோற்றிருக்கிறது. 2008, 2012, 2013, 2015, 2019. தோல்விக்குப் பாதி என்று போட்டாலும் இந்நேரம் இரண்டரை மீசை போயிருக்க வேண்டும். திருமயம் கோட்டைக்குக் கீழே டீக்கடை பெஞ்சில் வந்து பாருங்கள். மீசை முழுசாக, கருகருவென்று, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. சட்டைப் பையில் அதற்கென்று ஒரு குட்டிச் சீப்பு வேறு.

அண்ணன் பந்தயத்தில் தோற்பதில்லை. ஜெயிக்கிறார் என்று சொல்லவில்லை. தோற்பதில்லை, அவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் டிவியில் கோப்பையைக் கொடுத்துவிடுகிறார்கள், கலர் காகிதம் பறக்கிறது, ஊரே படுக்கப் போகிறது. அண்ணனுக்கு அப்போதுதான் பந்தயம் ஆரம்பம். முதலில் மீசையைத் தடவுவார். பிறகு டீயை ஒரு மிடறு குடிப்பார். பிறகு, “சரி, நான் என்ன சொன்னேன்?” என்பார். இந்தக் கேள்வி வந்துவிட்டால் உங்கள் டீ போச்சு.

2019 பைனல். மும்பை 149, சென்னை 148. ஒரு ரன். இதில் என்ன வழக்கு இருக்க முடியும் என்று நினைப்பீர்கள். “தோனி அவுட்டே இல்ல. ஒரு பக்கம் காட்டுனா பேட்டு கோட்டுக்குள்ள இருக்கு, இன்னொரு பக்கம் காட்டுனா வெளிய இருக்கு. அவுட்டே இல்லாதவனுக்கு அவுட்டு குடுத்தா மேட்ச் முடிஞ்சதா அர்த்தமா? மீச வேணும்னா போய் மூணாவது அம்பயர் மீசைய எடுங்கடா.” அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர் இது. வாதம் பண்ணத் தெரியாமல் இங்கே யாரும் பிறப்பதில்லை என்று வைத்துக்கொண்டாலும், எல்லா வாதத்துக்கும் ஒரு முடிவு என்று உண்டல்லவா?

ஒரு தடவை நாங்களும் உஷாரானோம். 2023 நவம்பர் 19, அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. வரிசையாகப் பத்து ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறது இந்தியா. அண்ணன் குரல் கோட்டை உச்சியில் இருக்கும் பீரங்கிக்கே கேட்டிருக்கும். “இந்தியா தோத்தா பாதி மீச!” உடனே கடை காலண்டரில் அன்றைய தேதித் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினோம்: ‘இந்தியா தோற்றால் பாதி மீசை எடுக்கப்படும்.’ அண்ணன் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார். மாஸ்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இந்தியா 240-க்கு ஆல் அவுட். டிராவிஸ் ஹெட் 137 அடித்தார். ஆறு விக்கெட்டில் ஆஸ்திரேலியா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. சோகத்தைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுத் தாளை நீட்டினோம். அண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார்.

“பாதி மீசைன்னுதானப்பா இருக்கு. யார் மீசைன்னு எங்க இருக்கு?”

சொல்லிவிட்டு என் மீசையைப் பார்த்தார் பாருங்கள், அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

கிரிக்கெட்டோடு நின்றாலும் பரவாயில்லை. 2024 ஜனவரியில், லண்டனில் வேலை பார்க்கும் மச்சினன் மகன் போனில் ஒரு வீடியோ அனுப்பினான். டார்ட்ஸ் என்று ஒரு விளையாட்டு. சுவரில் மாட்டிய வட்டப் பலகையில் ஊசியம்பு எறிவது. 501-ல் ஆரம்பித்து, விழுகிற புள்ளியையெல்லாம் கழித்துக்கொண்டே வந்து, சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். கடைசி ஊசி இரட்டிப்புப் புள்ளி தரும் ஒடுக்கமான கட்டத்திலோ நட்டநடுவிலோ விழுந்தால்தான் கணக்கு. அலெக்ஸாண்ட்ரா பேலஸ் என்ற மண்டபத்தில் உலக சாம்பியன் இறுதிப் போட்டி. மோதுகிறவர்களில் ஒருவனுக்குப் பதினாறே வயசு. அண்ணனுக்கு இவ்வளவு போதாதா? வாழ்நாளெல்லாம் ஊசியம்பு எறிந்தவர் மாதிரி ராத்திரி ஒன்பது மணிக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “பொடியன் தூக்கிருவான். என்ன பந்தயம்?” ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட் என்று முடிவானது.

பொடியன் தோற்றுவிட்டான், ஏழுக்கு நாலு என்று. காலையில் கடைக்குப் போனால் அண்ணன் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார், முகத்தில் அவ்வளவு தெளிவு. “பொடியன் பேரு லூக் லிட்லர். ஜெயிச்சவன் பேரு லூக் ஹம்ப்ரீஸ். நான் என்ன சொன்னேன்? லூக்கு தூக்கிருவான்னேன்.” இப்படி ஒரு ஆட்டம் உலகத்தில் நடக்கிறது என்பதே எங்களுக்கு முந்தின நாள்தான் தெரியும். அதில் பைனலுக்கு வந்த ரெண்டு பேருக்கும் ஒரே பெயர் வைத்த தாய் தகப்பனை என்னவென்று சொல்வது? சேதுபதி கட்டிய இந்தக் கோட்டையைக்கூடப் பிடித்துவிடலாம், அண்ணனிடம் ஒரு பரோட்டா வாங்க முடியாது.

லண்டன் பையன் இன்னொன்றும் சொன்னான். அங்கே பந்தயம் கட்டக் கடைவீதியில் லைசென்ஸ் வாங்கிய கடையே இருக்கிறதாம். பணம் கட்டினால் ரசீது தருவார்களாம். அண்ணன் முகம் சுருங்கிப்போனது. “ரசீது குடுத்துட்டா அப்பறம் என்னப்பா பந்தயம்?”

இதே காரணத்துக்காகப் போனில் டீம் போட்டுப் பணம் கட்டும் பையன்களையும் அவருக்குப் பிடிக்காது. போன் காசை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும், வழக்கு நடத்த விடாது. இணையத்தில் பணம் வைத்து ஆடுவதை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்தபோது, “நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார். சொல்லவில்லை.

இதெல்லாம் போகட்டும். டீ, பரோட்டா, ஆம்லெட், எல்லாம் போகட்டும். ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. 2023 ஐ.பி.எல். இறுதிப் போட்டி. ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டியது மழையில் போய், திங்கட்கிழமை ஆரம்பித்து, அதிலும் மழை பெய்து, சென்னைக்குப் பதினைந்து ஓவரில் 171 என்று இலக்கு வைத்தார்கள். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. தோனி முதல் பந்திலேயே அவுட் ஆனதும் அண்ணன், “முடிஞ்சுச்சு, இனி குஜராத்துதான். பந்தயத்த மாத்திக்கறேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கிளம்பியவர் போனாரா? வாசலிலேயே நின்றார். கடைசி ரெண்டு பந்தில் பத்து ரன். ஜடேஜா ஒரு சிக்ஸர் அடித்தார். அண்ணன் வாசலிலிருந்து ஒரே பாய்ச்சலில் வந்து டிவிக்கு முன்னால் நின்றார். கடைசிப் பந்தை மோகித் சர்மா போட்டதும் ஜடேஜா நாலுக்குத் தட்டிவிட்டதும் நாட்டில் கோடிப் பேர் பார்த்தது. நான் பார்த்தது அண்ணன் பனியனின் முதுகுப்பக்கம். அதில் ஒரு கிழிசல், பக்கத்தில் மஞ்சள் கறை. இரண்டு நாள் காத்திருந்து, மறுநாள் வேலைக்கு லீவு சொல்லி, கண் எரிய எரிய விழித்திருந்து பார்த்தது இதைத்தான். பிறகு ஆயிரம் தடவை போட்டுக் காட்டினார்கள். அது வேறு, இது வேறு. “அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க” என்று ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் கத்துவான்?

சென்னை ஜெயித்தால் கோட்டை பைரவருக்குச் சூறைத் தேங்காய் உடைப்பதாக வேறு வேண்டியிருந்தார். அதையும் உடைக்கவில்லை. “நான் வேண்டிக்கிட்டது ஞாயித்துக்கிழம பைனலுக்கு. அது மழையில போச்சு. ஜெயிச்சது செவ்வாக்கிழம விடியக்கால. சாமிக்குத் தெரியாதா?” காரைக்குடி ரோட்டில் போகிற வண்டியெல்லாம் நின்று கும்பிட்டுவிட்டுப் போகும் தெய்வத்துக்கே இந்தக் கதி.

2024 ஐ.பி.எல். பைனலன்று அண்ணன் ஊரில் இல்லை. மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போயிருந்தார். எனக்கும் டிவிக்கும் நடுவில் யாரும் இல்லை, ஒவ்வொரு பந்தும் பளிச்சென்று தெரிந்தது. ஹைதராபாத் 113-க்குச் சுருண்டது. கொல்கத்தா பத்தே முக்கால் ஓவர்கூட ஆகாமல் முடித்துவிட்டது. கடையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மாஸ்டர்தான் தாங்கமுடியாமல் அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “என்னண்ணே, மேட்ச் பாத்தீங்களா?”

“கொல்கத்தான்னு பஸ் ஏறும்போதே சொல்லிட்டுத்தானடா வந்தேன்!”

அவர் பஸ் ஏறும்போது யாரும் கூட இல்லை. ஆனாலும் அன்றைக்கு அப்போதுதான் கடையில் முதல் சிரிப்புச் சத்தம் கேட்டது.

2025-ல் சென்னை கடைசி இடம். அண்ணன் நொந்துபோயிருந்தார். நாங்கள் விடவில்லை. அவர் வருஷக்கணக்காகப் பெங்களூருவைப் பற்றிச் சொல்லிவந்த வசனம் ஒன்று இருந்தது: “இவனுங்க கப்பு தூக்கட்டும், அன்னைக்கு முழு மீசையும் எடுக்கறேன்.” ஜூன் 3-ஆம் தேதி பெங்களூரு ஆறு ரன்னில் பஞ்சாபைத் தோற்கடித்துக் கப்பைத் தூக்கியது. காலண்டர் தாள் வேண்டாம், சாட்சி வேண்டாம், ஊருக்கே தெரிந்த வாக்கு. மறுநாள் காலை சலூன்காரரையே கையோடு கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம். அண்ணன் வந்தார். மீசையைத் தடவினார். ஒரு மிடறு குடித்தார்.

“சரி, நான் என்ன சொன்னேன்?”

“பெங்களூரு ஜெயிச்சா மீசைய எடுக்கறேன்னீங்க.”

“கோலி கப்பு தூக்குனா எடுக்கறேன்னேன். கேப்டன் யாரு? பட்டிதார். கப்ப யார் கையில குடுத்தாங்க? பட்டிதார் கையில. அப்ப பந்தயத்துல ஜெயிச்சது யாரு?”

சலூன்காரர் தலையாட்டிவிட்டார். மாஸ்டர் எங்கள் கணக்கில் நாலு டீ எழுதிக்கொண்டிருந்தார்.