வராத சகோதரர்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களிலுள்ள சிற்றூர்கள் பலவற்றில், பிரதான வீதியின் நடுவே, கீழ்த்தளத்தில் மருந்துக் கடையோ மரச்சாமான் கடையோ வாடகைக்கு இருக்க, மேல்மாடியின் நெற்றியில் கவராயமும் மூலைமட்டமும் செதுக்கிய கல்லைத் தாங்கிக்கொண்டு ஒரு பழைய செங்கல் கட்டிடம் நிற்கும். அதுவே அவ்வூர் ஃப்ரீமேஸன் சகோதர சங்கத்தின் ஆலயம். அந்த ஆலயத்துக்குத் தமது இருதயத்தில் சாசுவதமான ஸ்தானம் அளித்துவிட்டு, அதன் மாடிப்படியில் மட்டும் பாதம் வைக்காமல் பல்லாண்டு காலம் பக்தியோடு வாழ்ந்துவரும் பெரியவர் ஒருவரும் அந்த ஊரில் இருப்பார். அவரே நம் கதாநாயகர்.

அவரை அடையாளம் காண்பது சிரமமன்று. விரலில் சங்கத்தின் முத்திரை மோதிரம். மோட்டாரின் பின்புறத்தில் சங்கத்தின் சின்னம். கோட்டு மடிப்பில், அங்கத்தினராகி ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்றதற்காக மாநிலத் தலைமைச் சங்கம் வழங்கிய பதக்கம். ஐம்பது ஆண்டுகளும் அவர் பதிவேட்டில் இருந்தார் என்பதற்கே அது சாட்சி. மண்டபத்தில் இருந்தார் என்பதற்கு அன்று. ஜார்ஜ் வாஷிங்டன் 1752-ஆம் ஆண்டில் ஃப்ரெடெரிக்ஸ்பர்க் சங்கத்தில் சேர்ந்த சரித்திரத்தை அவர் விவரிக்கும்போது, அந்த மனுவை முன்மொழிந்தவரே இவர்தாமோ என்று கேட்பவர் மயங்கும்படி குரலில் அப்படியோர் உரிமை தொனிக்கும்.

மாதக் கூட்டத்துக்கு முந்திய நாள் காரியதரிசி டெலிபோன் செய்வார். ஜனவரியானால் பனி, ஜூலையானால் உஷ்ணம், இடைப்பட்ட மாதங்களில் பேரனுடைய பேஸ்பால் ஆட்டம். வருஷம் முழுவதற்கும் பொதுவாக ஒரு முழங்கால் உண்டு. அந்த மாடிக்கு லிப்ட் கிடையாது. இதே முழங்கால் ஆட்ட மைதானத்துப் பலகைப் படிகளில் உச்சி வரிசை வரையில் ஆட்சேபணையின்றி ஏறுகிறதே என்று காரியதரிசி கேட்பதில்லை. அவர் சாது, தவிர, நமது பெரியவர் ஆண்டு தவறாமல் அனுப்பும் சந்தாவில்தான் மண்டபத்தின் மின்சாரக் கட்டணம் ஒப்பேறுகிறது. "அடுத்த மாதம் நிச்சயம், சகோதரரே" என்று சொல்லிப் பெரியவர் டெலிபோனை வைக்கும்போது, அவர் அதை மனப்பூர்வமாகவே சொல்கிறார்.

நியாயத்தைப் பேசினால், வராததால் அவருக்கு என்ன நஷ்டம்? சென்ற மாதக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வாசிக்கப்படும். அதில் ஓர் எழுத்துப் பிழை திருத்தப்படும். பழுதான காப்பிப் பாத்திரத்தை மாற்றும் விஷயம் காரசாரமாக விவாதிக்கப்பட்டு, மீண்டும் ஒத்திவைக்கப்படும். பிரபஞ்சத்தைச் சமைத்த மகாசிற்பியின் மகிமையையும் மானிட சகோதரத்துவத்தையும் போற்றுவதற்கென்று ஏற்பட்ட ஒரு ஸ்தாபனம் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் காப்பிப் பாத்திரத்துக்கு அர்ப்பணம் செய்யுமானால், வீட்டில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிட்டவரை முழுக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை.

1959-ஆம் ஆண்டில் அந்தத் தேசத்தில் ஃப்ரீமேஸன்கள் ஏறத்தாழ 41 லட்சம் பேர். இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய வாலிபர்கள் பட்டாளத்துத் தோழமையை ஊரிலும் தேடினார்கள். பாங்கி மானேஜர் அமர்ந்த மண்டபத்தில் தாமும் அமர்வது கௌரவமாகவும் இருந்தது. இப்போது 10 லட்சத்துக்கும் குறைவு. அதுவும் பதிவேட்டுக் கணக்கு என்பதையும், நமது பெரியவரும் அதில் ஒருவர் என்பதையும் மறக்கலாகாது.

மண்டபத்துக் கணக்கோ வேறு. தலைவர், வார்டன்கள், பொக்கிஷதார், காரியதரிசி, டீக்கன்கள், ஸ்டூவர்டுகள் என்று வரிசையாக ஆசனங்கள் இருக்கும். வந்திருக்கும் ஆட்களைவிட ஆசனங்களே அதிகமாக இருக்கும். டைலர் என்னும் காவலர் உருவிய வாளுடன் கதவுக்கு வெளியே அமர்ந்து, அந்நியர் எவரும் உள்ளே புகாதபடி காக்கவேண்டும் என்பது விதி. உள்ளே புகவேண்டும் என்ற ஆசை ஊரில் ஒருவருக்கும் இல்லாத இக்காலத்திலும், எண்பது வயதைக் கடந்த சகோதரர் ஒருவர் அந்த வாளை மடியில் வைத்துக்கொண்டு, சற்றே கண்ணயர்ந்தவாறு, விதியை நிறைவேற்றி வருகிறார்.

புதியவர்களைச் சேர்க்கலாமே என்றால், எவரையும் வற்புறுத்தி அழைக்கலாகாது, விரும்புகிறவர் தாமாக வந்து கேட்கவேண்டும் என்பது பழைய மரபு. இந்த ஒரு மரபை நமது பெரியவர் அணுவளவும் பிசகாமல் அனுஷ்டிக்கிறார். 2002-இல் ஒஹாயோ மாநிலத்தில் அங்கத்தினர் ஏறவேண்டிய மூன்று படிநிலைகளையும் ஒரே நாளில் அளித்து ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துக்கொண்டபோது அவருக்கு மூண்ட கோபம் இன்னும் தணிந்தபாடில்லை. அப்படிச் சேர்ந்தவர்களில் பலர் பிறகு தலைகாட்டவே இல்லை என்ற பேச்சு எழுந்தபோது அந்தக் கோபம் இரட்டித்தது. கூட்டத்துக்கு வராமலிருக்கும் பாத்தியதையைத் தாம் மாதக்கணக்கில் வினாவிடை நெட்டுருச் செய்து சம்பாதித்திருக்க, இவர்கள் ஒரே பகலில் அடைந்துவிட்டார்களே!

இருப்பினும் சங்கம் நீடித்திருக்க வேண்டும் என்பதில் அவரைவிட உறுதியானவர் இல்லை. சகோதரர் ஒருவர் காலமானால், அங்கத்தினரான நாளில் அவருக்கு அளிக்கப்பட்ட வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரனை இடுப்பில் கட்டி அடக்கம் செய்வதும், சகோதரர்கள் கல்லறையைச் சூழ்ந்து நின்று சடங்கு நடத்துவதும் வழக்கம். அலமாரியின் எந்தத் தட்டில் அந்த ஏப்ரன் இருக்கிறது என்பதை அவர் மனைவியிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஆள் வேண்டாமா?

ஆகவேதான், கூரை ஒழுகுகிறது, செப்பனிடப் பணமில்லை, பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு இணைந்துவிடுவது பற்றி வாக்கெடுப்பு என்று தபாலில் அறிவிப்பு வந்தவுடன், பாகப்பிரிவினை என்ற சொல் காதில் விழுந்த பங்காளிகளைப்போல் எல்லாத் திக்குகளிலிருந்தும் வராத சகோதரர்கள் வந்து குவிகிறார்கள். வீதியில் மோட்டார் நிறுத்த இடமில்லை. முழங்கால்கள் யாவும் படியேறிவிட்டன. எந்தப் பிரேரணைக்கும் வாய் திறந்திராத நமது பெரியவர் எழுந்து, சுவரில் மாட்டியுள்ள முன்னாள் தலைவர்களின் படவரிசையில் தம் தகப்பனார் படத்தைச் சுட்டிக்காட்டி, இந்த மண்டபத்தின் ஒரு செங்கல்லையும் அந்நியர் கைக்கு விடோம் என்று தழுதழுக்கப் பேசுகிறார். கரகோஷம் எழுகிறது. இணைப்புத் தீர்மானம் படுதோல்வி அடைகிறது.

காரியதரிசிக்குக் கண்ணீரே வந்துவிடுகிறது. கூரைக் கமிட்டிக்குப் பெயர் எழுதிக்கொள்ளலாம் என்று காகிதமும் பேனாவுமாக அவர் திரும்புவதற்குள் காப்பியும் கேக்கும் தீர்ந்து, மண்டபம் பாதிக்குமேல் காலியாகியிருக்கிறது. மாடிப்படியின் தலைப்பில் நமது பெரியவரை மட்டும் எப்படியோ பிடித்துவிடுகிறார்.

"அடுத்த மாதம் நிச்சயம் வருகிறேன், சகோதரரே" என்கிறார் பெரியவர், அன்போடு அவருடைய தோளைத் தட்டி. இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பிப் பார்க்கிறார். "அப்பா படத்தில் ஒரே தூசி. யாரையாவது கவனிக்கச் சொல்லுங்கள்."