பத்துக்குப் பன்னெண்டு கொட்டகை

வாடா பேராண்டி, உக்காரு. டேப்பும் பென்சிலுமா மூணு நாளா பின்கட்டு ரூமுக்கும் திண்ணைக்கும் நீ அலையுறதைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வீட்டுக்குள்ள சினிமாக் கொட்டகை போடப் போறியாம், உங்க அப்பத்தா சொன்னா. நல்ல காரியம். பதினாலு வருசம் டூரிங் டாக்கீஸ்ல கார்பன் குச்சி மாத்துனவன் வீட்டோட கிடக்கானே, அவன்கிட்ட ஒரு வார்த்தை கேப்போம்னு உனக்குத் தோணலை. போகுது. கேக்காமச் சொல்றதுதானே கிழவனுக்கு வேலை.

திரை எத்தனை அங்குலம்டான்னா, 120-ங்கிற. ரூமோட அகலம் என்ன? பத்தடி. 120-ங்கிறது மூலைக்கு மூலை கணக்கு. அகலத்துல அது எட்டே முக்கால் அடியை முழுங்கிரும். மிச்சத்தைப் பங்கு போட்டா பக்கத்துக்கு ஏழரை அங்குலம். ஸ்பீக்கர் பெட்டியை அதுல எப்படிச் செருகுவ? மத்தவனுக்கெல்லாம் ஏழரை தானா வந்து பிடிக்கும். நீ தவணை கட்டி வாங்குற.

92 போதும்டா. அகலம் ஆறடி எட்டு அங்குலம், பக்கத்துக்கு ஒன்றரை அடிக்கு மேல இடம் கிடைக்கும். ஒம்பதடி தள்ளி உக்காந்தா கண்ணு நிறையும், கழுத்தும் பிழைக்கும். எங்க கொட்டகையில தரை டிக்கெட்டுக்காரன் திரைக்கு அடியில மணலைக் குவிச்சு உக்காந்து அண்ணாந்து பாப்பான். மறுநாள் கழுத்துல தைலத்தோடதான் களை எடுக்க வருவான். அவன் நாலணா குடுத்து வாங்குன வலியை நீ லட்சம் குடுத்து வாங்காத.

உசரத்துக்கு வருவோம். சாமி படம் மாட்டுறாப்புல உத்தரத்துக்குப் பக்கத்துல கோடு கிழிச்சிருக்கியே, கும்பிடவா போற? உக்காந்தவன் கண்ணு தரையில இருந்து மூணேகால் அடியில நிக்கும். அந்தக் கண்ணுக்கு நேரா திரையோட கீழ் மூணுல ஒரு பங்கு வரணும். கணக்குப் போட்டா திரையோட அடி விளிம்பு ரெண்டடி உசரத்துல வந்து நிக்கும். அவ்வளவுதான்.

இதெல்லாம் கிழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. 1993-ல ஜுராசிக் பார்க்கோடதான் டிடிஎஸ்ஸே உலகத்துக்கு வந்துச்சு. பொறவு நம்ம டவுன் தியேட்டர்ல அதை மாட்ட வந்த பயலுக்கு ரெண்டு நாள் ஏணி பிடிச்சவன் நான். தியேட்டர்த் திரையில பொடிப்பொடியா ஓட்டை இருக்கும், தெரியுமா? ஸ்பீக்கரு திரைக்குப் பின்னால நிக்கும், அதான் பேச்சு நடிகன் வாயில இருந்தே வரும். உன் திரையில ஓட்டை கிடையாது. அதனால நடு ஸ்பீக்கரைத் திரைக்கு ஒட்டிக் கீழ வச்சு, மூஞ்சியைக் கொஞ்சம் மேல தூக்கி உன் காதைப் பாக்க விடு. தரையில வச்சேன்னா கதாநாயகன் முழங்காலால வசனம் பேசுவான். இடதும் வலதும் காது உசரத்துல நிக்கணும். நீ உக்காந்த இடத்துல இருந்து பாத்தா நடுவுக்கு ரெண்டு பக்கமும் 22-ல இருந்து 30 டிகிரிக்குள்ள விழணும்.

பின்னால வர்ற ரெண்டையும் பல்லி மாதிரி கூரை மூலையில ஒட்ட நினைச்சிருக்க. வேண்டாம். பக்கச் சுவத்துல, காதுக்கு ஒண்ணு ரெண்டு அடி மேல, உக்காந்த இடத்துக்கு ரெண்டடி பின்னால வை. சோபாவைப் பின்சுவத்தோட ஒட்டிப் போட்டா இந்த ரெண்டடிக்கு எங்க போவ? அதோட, சுவரோரம் பாஸ் சத்தம் வெள்ளம் மாதிரி தேங்கும், வயித்துக்குள்ள உறுமும்.

அந்த உறுமல் பெட்டி இருக்கே, சப்வூஃபரு, அதை எங்க வைக்கிறதுன்னு அளந்தெல்லாம் சொல்ல முடியாது. சின்ன ரூமுல அந்தச் சத்தம் சுவத்துக்குச் சுவரு மோதி ஒரு இடத்துல குவியும், ஒரு இடத்துல காணாமலே போகும். அதுக்கு ஒரு வழி இருக்கு, சிரிக்காம கேளு. பெட்டியைத் தூக்கி நீ உக்கார்ற இடத்துல வச்சு, பாஸ் உள்ள பாட்டா ஒண்ணைப் போடு. அப்புறம் நாலு காலுல சுவரோரமா தவழ்ந்து போ. எந்த இடத்துல சத்தம் வீங்காமலும் வத்தாமலும் ஒரே சீரா கேக்குதோ, அங்க பெட்டியை வை. பெரிய பெரிய இஞ்சினியருங்களும் இப்படித்தான் தவழுறாங்க. உனக்கென்ன கூச்சம், அதே ரூமுல ஒரு வயசுல அரைஞாணோட தவழ்ந்தவன்தானே. பொண்டாட்டி கடைக்குப் போன நேரமாப் பாத்துச் செய்.

சுவத்துல முட்டை அட்டை ஒட்டப் போறேன்னியாம். அதால ஒண்ணும் ஆகாது. கரப்பான்தான் குடியேறும். ஒருத்தனைக் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கச் சுவரோரமா நகரச் சொல்லு. உக்காந்த இடத்துல இருந்து எங்க ஸ்பீக்கரு கண்ணாடியில தெரியுதோ, அங்கதான் சத்தம் பட்டுத் தெறிக்குது. அந்த இடத்துல பஞ்சை நல்லா அடைச்ச தடி மெத்தையா, சுவத்தை விட்டு ரெண்டங்குலம் தள்ளித் தொங்க விடு. பரண்ல உங்க அப்பத்தாவோட இலவம்பஞ்சு மெத்தை கிடக்கு, கேட்டு எடு. கேக்காம எடுத்தா படம் வேற மாதிரி ஓடும். திரைப் பக்கத்துச் சுவத்துக்கு மங்கலான கருநிறம் அடி. வயருக்கு இப்பவே குழாய் பதிச்சிரு.

கடைசியா ஒண்ணு. திரையில இருந்து ஒம்பதடி, பின்சுவத்துல இருந்து மூணடி, ரெண்டு பக்கச் சுவத்துக்கும் நட்ட நடு. டேப்பு உன் கையிலதான இருக்கு, போய் அளந்து பாரு. அந்த இடத்துல நாப்பது வருசமா என் கயித்துக் கட்டில் கிடக்கு. அதைத் திண்ணைக்குத் தூக்கணும்னு நேத்து ராத்திரி உங்க அப்பன்கிட்ட நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு. கட்டிலு அங்கனயே கிடக்கட்டும். நீ பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக்க.