கடக்கரையில காலை நீட்டப் போற மாப்ளைக்கு

ஏப்பா மாப்ள, தாய்லாந்துல கடக்கரை ஓரமா வீடு பிடிச்சுக் குடியிருக்கப் போறியாமுல்ல? டீக்கடையில பேசிக்கிட்டாய்ங்க. கேட்டதும் எனக்குச் சந்தோசம் தாங்கல. ரிட்டையர்டான வாத்தியாருன்னா ஒண்ணு பிளாட்டு புரோக்கரா ஆவாரு, இல்லாட்டிக் கோயில் கமிட்டியில சேந்து கணக்குக் கேட்டு வசவு வாங்குவாரு. நீ மூணாவதா ஒரு சோலி கண்டுபிடிச்சிருக்க. எம் மடியில ஒக்கார வச்சுக் காது குத்துறப்ப ஊரே திரும்பிப் பாக்குற மாதிரி கத்துன பய, இன்னைக்குக் கடல் தாண்டப் போறான். தாய்மாமனுக்கு இதைவிட என்ன பெருமை வேணும்? போ. தாராளமாப் போ. போறதுக்கு முந்தி, முப்பது வருசம் கணக்குப் பாடம் எடுத்த நீ போடாம விட்ட கணக்கை இந்தக் கைநாட்டு மாமன் கொஞ்சம் போட்டுக் காட்டுறேன். விவரமெல்லாம் எம் பேரன் சொன்னது. கோளாறு மட்டும் என்னுது.

ஒன் பென்சன் எல்லாம் போகக் கைக்கு வர்றது 38,000. 2003 ஏப்ரலுக்கு முந்தியே வேலையில சேந்த புண்ணியவான் நீ. அதுக்கப்புறம் சேந்த வாத்திமாரெல்லாம் பழைய பென்சன் வேணும்னு கொடி பிடிச்சுக் கோசம் போட்டே தொண்டை கட்டிப் போனாய்ங்க. என்னைய எடுத்துக்க, முதியோர் உதவித்தொகை. 2023 ஆகஸ்டுலதான் 1,000 ரூவாயை 1,200 ஆக்குனாங்க. (ஒனக்குத்தான் தென்னந்தோப்பு இருக்கேன்னு ஆரம்பிக்காத. அது மகன் பேருல இருக்கு.) ஆக, நம்ம ஊருக்குள்ள நீ மகராசன். அந்த மகராசனைத் தாய்லாந்துக்காரன் எப்படிப் பாக்குறான் தெரியுமா? 50 வயசு தாண்டுனவன் அங்க போயி ஓய்வா ஒக்காரணும்னா அந்த ஊரு பேங்குல 8 லட்சம் பாட் கெடக்கணும். இல்ல, மாசம் 65,000 பாட் வருமானம் காட்டணும். ஒரு பாட் ரெண்டரை ரூவான்னு கொறைச்சே வச்சாலும் மாசம் 1,62,500 ஆச்சு. ஒன்னோட ரிட்டையர்டான வாத்திமாரு நாலு பேரு சேந்து ஒரே ஆளு மாதிரி வேசம் கட்டிப் போனாலும் பத்தாயிரம் இடிக்கும் மாப்ள.

சரி, கிராஜுவிட்டி வந்துச்சு, கம்யூட்டேசன் வந்துச்சு, அதுல 20 லட்சத்தைத் தூக்கி அங்க போட்டுருவேம்ப. போடு. அப்புறம் 90 நாளைக்கு ஒருக்கா, நான் இன்ன வெலாசத்துலதான் இருக்கேன்னு அந்த ஊரு இமிகிரேசன் ஆபீசுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும். இங்க வருசத்துக்கு ஒரு தடவை, நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்னு மொகத்தைக் காட்டிட்டு வர்றதுக்கே நீ சலிச்ச சலிப்பு இருக்கே, சாகப் போறவன்கூட அப்படிச் சலிக்க மாட்டான். அங்க போனா ரெண்டு அரசாங்கத்துக்கு உயிரோட இருக்கணும். அது போக, வெளிநாட்டுக்காரன் பேருல அங்க நெலம் பதிய மாட்டாய்ங்க. வேலைவெட்டியும் பாக்கக் கூடாது, டியூசன் எடுத்து நாலு காசு தேத்துவோம்னு நெனைச்சிராத. முக்கால் சென்ட் வரப்புக்காக முன்சீப் கோர்ட்டுக்கு நடையா நடந்த பரம்பரைடா நம்ம பரம்பரை. சொந்தமா ஒரு பிடி மண்ணு இல்லாத ஊர்ல ஒனக்குச் சண்டை போடக்கூட ஆளு கெடைக்காதே, எப்படிப் பொழுது போகும்?

தாய்லாந்து தோதுப்படலைன்னா இலங்கைக்குப் போவோம், பேச்சாவது நம்ம பேச்சுன்னு ஒன் வீட்டம்மா சொன்னதாவும் காதுல விழுந்துச்சு. புத்திசாலிப் புள்ள. மதுரையில ஏறுனா ஒரு மணி நேரத்துல கொழும்பு. 2012-ல நம்ம ஏர்போட்டுல இருந்து மொத மொதலா வெளிநாட்டுக்குப் பறந்த பிளேனே கொழும்புக்குத்தான் போச்சு. அங்கயும் 55 தாண்டுன வெளிநாட்டுக்காரவுகளுக்குன்னு 'மை டிரீம் ஹோம்'னு ஒரு விசா வச்சிருக்காக. பேங்குல 15,000 டாலர் போடணும். மாசா மாசம் வெளிய இருந்து 1,500 டாலர் வரணும். கூட வர்ற ஆளுக்கு 750 டாலர் தனி. டாலரு 85 ரூவான்னு போட்டா, ரெண்டு பேருக்கும் மாசம் 1,91,250. வீட்டம்மாவை இங்கயே விட்டுட்டுப் போனா 750 மிச்சமாகுமேன்னு ஒன் மண்டையில ஓடுது பாரு, அது எனக்கு இங்க இருந்தே தெரியுது. வீடு வாங்கலாம்னாலும் 2014-ல ஒரு சட்டம் போட்டு வெளிநாட்டுக்காரனுக்கு நெலம் விக்கிறதைக் கட்டுப்படுத்திட்டாய்ங்க. அடுக்குமாடியில நாலாவது மாடி, இல்ல அதுக்கும் மேல இருந்தா வாங்கிக்கலாம். நம்ம கோயில் படி ஏழுக்கே ரெண்டு தடவை நின்னு மூச்சு வாங்குறவன் நீ. ஒரு நாள் லிப்டு நின்னாப் போதும், கடலை ஜன்னல் வழியாத்தான் பாக்கணும்.

இதுல சூட்சுமம் எங்க இருக்குன்னு கேளு. கோவாவுலயும் இலங்கையில காலிங்குற ஊர்லயும் தாய்லாந்து ஹுவா ஹின்னுலயும் வெள்ளைக்காரக் கெழடுக காலை நீட்டி ஒக்காந்திருக்குற படத்தைப் பாத்துட்டு, நம்மளும் அப்படி ஒக்காருவோம்னு கெளம்பிட்ட. வாய்க்காத் தண்ணி பள்ளத்தைப் பாத்து ஓடும் மாப்ள, மேட்டைப் பாத்து ஓடாது. அவன் பவுனுலயும் யூரோவுலயும் பென்சன் வாங்குறான். அவன் ஊரு வெலைவாசிக்கு நம்ம பக்கத்து வெலைவாசி பள்ளம், அதனால எறங்கி வர்றான். நீ ரூவாயில வாங்குறவன். ஒனக்கு நம்ம ஊரே பள்ளம். இதுக்குக் கீழ கடக்கரை உள்ள நாடா ஒனக்கு எங்க இருந்து கெடைக்கும்?

இன்னைக்குக் கணக்கை விடு, நாளைக்கு என்ன ஆகும்? 2000-ஆவது வருசம் ஒரு டாலர் 45 ரூவா சொச்சம், இப்ப 85-ஐத் தாண்டிருச்சு. அன்னைக்கு ஒரு பாட் ஒண்ணேகால் ரூவாகூட இல்ல, இன்னைக்கு ரெண்டரைக்கு மேல. ஒருத்தன் அன்னைக்கு ரூவாப் பணத்தை நம்பி அங்க போயிருந்தான்னா, காலு அதே மணல்ல இருக்க, அவன் காசு மட்டும் பாதியாக் கரைஞ்சிருக்கும். ஒனக்கு அகவிலைப்படி ஏறுதேங்குற. நம்ம நாட்டுச் சந்தையில தக்காளி, பருப்பு வெல ஏறுனா அது ஏறும், பாங்காக்குல இட்லி வெல ஏறுனா ஏறுமா? வெள்ளைக்காரனுக்கே இதுல ஒரு கண்ணி இருக்கு. இங்கிலாந்துக்காரன் தாய்லாந்துலயோ நம்ம நாட்டுலயோ போயிக் குடியேறிட்டா, அந்த ஊரு அரசாங்கப் பென்சன் அவனுக்கு வருசா வருசம் ஏறாது. போன அன்னைக்கு என்னவோ அதுதான் கடைசி வரைக்கும். பவுனு வாங்குறவனே பல்லைக் கடிக்கிறான்.

ஆமா, திடீர்னு கடல் மேல என்ன ஆசை? மதுரைக்காரனுக்கும் கடலுக்கும் உள்ள மொறையே வேற. மீனாச்சியோட ஆத்தா காஞ்சனமாலை கடல்ல முழுகணும்னு ஆசைப்பட்டப்ப மருமகன் சொக்கநாதரு மாமியாளுக்கு டிக்கெட்டா எடுத்துக் குடுத்தாரு? ஏழு கடலையும் மதுரைக்கு வரச் சொன்னாரு. திருவிளையாடல்ல இருக்கு. அதனாலதான் புதுமண்டபத்துக்குக் கெழக்க இருக்குற தெருவுக்கு எழுகடல் தெருன்னு பேரு. இப்ப அங்க கடல் இல்ல, கடைதான் இருக்கு. வைகையையே பாரேன். வருசநாட்டு மலையில பொறந்து அம்புட்டுத் தூரம் ஓடியும், வந்த தண்ணியில பெரும்பகுதியை ராமநாதபுரம் பெரிய கண்மாயிலயே எறக்கிருது. இன்னும் கொஞ்ச தூரம் போனாக் கடல், போறதுக்கு மனசில்ல. கடல்ல இருந்து நமக்கு வேண்டியது ஜிகர்தண்டாவுக்குக் கொஞ்சம் கடப்பாசி. அதைக் கொண்டாந்து வித்துட்டுப் போறாய்ங்க.

கடலுக்கு அந்தப் பக்கம் நம்ம சனம் போகாமலும் இல்ல. 1914-ல பாம்பன் பாலம் வந்து, தனுஷ்கோடி வரைக்கும் ரயிலு, அங்க இருந்து தலைமன்னாருக்குக் கப்பலுன்னு போட் மெயில் ஓடுனப்ப எத்தனை குடும்பம் போச்சு. எல்லாம் பொழைக்கப் போனதுக, காலை நீட்டப் போகல. 1964-ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, இலங்கையில இருந்த நம்ம சனத்துல 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு முடிவு பண்ணாக. அதே வருசம் டிசம்பர்ல புயலடிச்சு தனுஷ்கோடியே போயிருச்சு. பர்மாவுல இருந்தும் அந்த வருசந்தான் மூட்டையக் கட்டிக்கிட்டுக் கூட்டங் கூட்டமா வந்தாய்ங்க. வயசான காலத்துல சனம் இந்தப் பக்கந்தான் வந்துச்சே ஒழிய, அந்தப் பக்கம் போனதா நான் கேள்விப்பட்டதில்ல. பெரியாறு அணையைக் கட்டி நம்ம வயலுக்குத் தண்ணி விட்ட பென்னிகுவிக் தொரைக்கு இங்க இல்லாத மரியாதையா? வேல முடிஞ்சதும் இங்கிலாந்துக்குத்தான் போனாரு. 1911-ல கேம்பர்லிங்குற ஊர்ல அடங்கிட்டாரு. அது கடக்கரைகூட இல்லையாம்.

இப்ப நெசத்துக்கு வா. நீ கடலைப் பாக்கப் போகல மாப்ள. ஆவணி மாசத்துப் பத்திரிகைக்குப் பயந்து ஓடுற.

ஒன் டேபிள் மேல நான் பாத்தேன். மஞ்சத் தடவுன பத்திரிகை கட்டாக் கெடக்கு. கல்யாணம் நாலு, காதுகுத்து மூணு, புதுமனை ரெண்டு, எல்லாத்துலயும் ஒன் பேரு 'ஆசிரியர், ஓய்வு'ன்னு பட்டத்தோட. ஒண்ணுக்கு ஆயிரம் வச்சாலும் ஒம்பதாயிரம். 38,000-ல அது போனா வலிக்கத்தான் செய்யும். மணவறையைக்கூடப் பாக்காம நேரா மொய் டேபிளுக்குப் போயி, குயர் நோட்டுல எழுதுறவன் தலையை நிமித்தாம 'பேரு? ஊரு? எம்புட்டு?'ன்னு கேக்க, நீ சத்தத்தைக் கொறைச்சுச் சொல்லுவ. பக்கத்துல நோட்டு எண்ணுறவன் அதையே மைக்குல கேக்குற மாதிரி கத்துவான். ஒனக்கு முன்னாடி நின்னவன் 5,000-ன்னு எழுதியிருப்பான், நீ பைக்குள்ள விட்ட கையை வெளிய எடுக்காம இன்னொரு ஐநூறைத் தேடுவ. நான் பின்னாடியே நின்னு பாத்திருக்கேன். அந்த டேபிள் இல்லாத ஊரைத்தான் நீ மேப்புல தேடிக் கண்டுபிடிச்சிருக்க.

ஆனா ஒன் மண்டை ஒண்ணை யோசிக்கலையே. கொடுத்தது நெனைவிருக்கு, கொடுத்ததெல்லாம் எங்க கெடக்கு? ஊரு நோட்டுல கெடக்கு. வாத்தியாரு பத்து வருசத்துக்கு முந்தி ஆயிரம் எழுதுனாரு, இப்பத் திருப்புறப்ப மேல ஐநூறோ ஆயிரமோ சேத்து எழுதணும், அதுதானே செய்மொறை? முப்பது வருசமா ஊரு ஊராப் போயி எழுதுனவன் நீ. ஒரு பென்சன் கருவூலத்துல இருந்து வருது, இன்னொண்ணு இந்த வட்டாரத்துல இருக்குற டிரங்குப் பொட்டிகள்ல குயர் நோட்டா ஒறங்குது. ஒன் சின்னவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அவ கல்யாணத்துக்கு இங்க பந்தல் போட்டாத்தான் அது முழிக்கும். ஹுவா ஹின் கடக்கரையில பந்தல் போட்டா எவன் வருவான்? பிளேன் டிக்கெட்டைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தை நீ கொடுன்னு கேப்பான் நம்ம பய.

வெளியூரு மலிவா இருக்குன்னு ஒருத்தன் சொன்னா, அங்க அவனை எவனுக்கும் தெரியாதுன்னுதான் அர்த்தம். தெரியாத ஊர்ல செலவு கொறையத்தான் செய்யும். ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சைப் பிடிச்சா இங்க மூணாவது வீட்டுப் பய லுங்கியோட ஆட்டோவை எடுப்பான். போற வழியெல்லாம் வஞ்சுக்கிட்டே ஓட்டுவான், ஆனா கொண்டுபோயிச் சேத்துருவான். பென்சனருக்குன்னு கார்டு இருக்கு, அதைக் காட்டுற ஆசுபத்திரியெல்லாம் இந்தியாவுலதான் இருக்கு. தாய்லாந்து விசாவுல ஒரு வகைக்குக் காப்பீடு எடுக்காம உள்ளயே விட மாட்டாய்ங்க. அறுபதுக்கு மேல காப்பீட்டுக்காரன் கேக்குற பிரீமியத்தைக் கேட்டாலே நெஞ்சைப் பிடிக்கும்.

அப்பவும் கடல் பாக்கணும்னு மனசு கெடந்து அடிச்சுக்கிருச்சுன்னா, தேவிபட்டினம் எங்க போச்சு? ஆடி அமாவாசைக்கு நம்ம ஊர்ல இருந்து வேன் போகுது. கடலுக்குள்ளயே நவக்கிரகம், அலை இல்லாத தண்ணி, ஒன் முட்டிக்கு ஏத்த ஆழம். அங்கயே ஒரு மாசம் வாடகைக்கு இருந்து பாரு. ஒன் பைக்கு செயினை உப்புக்காத்து என்ன பண்ணுது, பேனு றெக்கையில எப்படித் துரு பூக்குது, துவைச்ச வேட்டி ஏன் காயவே மாட்டேங்குதுன்னு பாத்துட்டு வா. விசா வேணாம், பாட் வேணாம், மீனு மட்டும் வெல அதிகம். அதுவும் வெளியூருக்காரன்னு தெரிஞ்சா.

இம்புட்டும் சொல்லியும் போயே தீருவேன்னு நின்னா, நான் குறுக்க நிக்க மாட்டேன். ஏர்போட்டு வரைக்கும் நானே வேன் பிடிச்சுக் கொண்டாந்து விடுறேன். ஆவணி ரெண்டாவது முகூர்த்தத்துல எம் பேத்திக்குக் கல்யாணம், பத்திரிகை அந்தக் கட்டுலதான் அடியில கெடக்கு, இன்னும் நீ பிரிக்கல. ஒன் மூத்தவ கல்யாணத்துக்கு இந்தத் தாய்மாமன் எழுதுனது எம்புட்டுன்னு ஒன் நோட்டுல பாத்து வச்சுக்க. அதை எழுதிட்டு, மறுநா காலையில முத பிளேனுக்கே போ.