தண்ணி கலக்கட்டுமா? செனாவாங் வட்டார மறுப்பு மரபு பற்றிய ஓர் ஆய்வு

மலேசியாவின் செனாவாங் தாமான் வீடுகளில், வந்தவர் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் எழும் கேள்வி: "தண்ணி கலக்கட்டுமா?" தேயோ கோப்பியோ மைலோவோ, வீட்டில் இருப்பதைப் பொறுத்தது. கொமுட்டர் நிலையம், டோல் சாவடி, தொழிற்பேட்டை எல்லாவற்றுக்கும் அறிக்கை உண்டு. இக்கேள்விக்கு வரும் "வேணாங்க்கா" என்ற விடையைப் புலமையுலகம் தீண்டவே இல்லை. அக்குறை இங்கே நீக்கப்படுகிறது.

"வேணாங்க்கா, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்." இது முதற்சுற்று. இதை நம்பும் அக்கா செனாவாங்கில் இன்னும் பிறக்கவில்லை. "ஒரு வாய் குடிங்க தம்பி." "இல்லக்கா, கெளம்பணும்." இதைச் சொல்லும்போதே விருந்தாளி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்வது முக்கியமான கள ஆதாரம். மூன்றாம் சுற்றில் பேச்சில்லை. எறும்புக்குப் பயந்து தண்ணீர்த் தட்டில் நிற்கும் பால் டின்னை அக்கா எடுக்கிறார். மூடியில் எதிரெதிரே போட்ட இரண்டு ஓட்டைகளில் ஒன்று பால் உறைந்து அடைத்திருக்கிறது, கத்தி முனையால் குத்துகிறார். பிறகு மங்கில் கரண்டி சுற்றும் ஓசை. அது கேட்டபின்னும் மறுப்பவர் வளர்ப்புச் சரியில்லாதவர். மங்குடன் பிஸ்கட்டும் வரும், பெரும்பாலும் ஹப் செங். 1958இல் பத்து பகாட்டில் தொடங்கிய அந்நிறுவனம் இம்மரபுக்குச் செய்துள்ள தொண்டு தனி ஆய்வுக்குரியது.

மரபின் தோற்றம் குறித்து இரு கொள்கைகள் உண்டு. பழைய ரப்பர் தோட்டத்து லய வீடுகளின் பலகைச் சுவரே காரணம் என்பது ஒன்று: தண்ணி கொடுக்காமல் அனுப்பிய செய்தி பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கப் பரவிவிடுமாம். இது அரைகுறை விளக்கம்; அக்கா ஏன் கேட்கிறார் என்று சொல்கிறதே தவிர, தம்பி ஏன் மறுக்கிறார் என்று சொல்லவில்லை. மெய்யான காரணம் கடைப் பற்று. பால்மரம் வெட்டிய காலத்தில் சீனியும் பாலும் கடனுக்கு வந்தவை. மாதக் கடைசியில் டப்பா அடியைச் சுரண்ட வேண்டும். அது வந்தவருக்குத் தெரியும். தெரியும் என்பது வீட்டுக்காரிக்கும் தெரியும். ஆகவே மறுப்பது விருந்தாளியின் கடமை, அம்மறுப்பைத் தோற்கடிப்பது வீட்டின் மானம். தோட்டம் போய்த் தாமானும் தொழிற்சாலையும் வந்துவிட்டன, பற்றுப் புத்தகமும் போயிற்று. கடமையும் மானமும் மட்டும் வீடு மாறி வந்திருக்கின்றன.

ஒப்பீட்டுக்குப் பின்லாந்து. வாசலில் காலணியைக் கழற்றுவதில் ஹெல்சிங்கியும் செனாவாங்கும் ஒரே சாதி. ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் காப்பி குடிப்பதில் அந்நாடு உலகின் முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பொதுவாக மறுபடி வற்புறுத்துவதில்லை. நம்மவர் அங்கே போனால் முறைப்படி ஒருமுறை மறுத்துவிட்டு நாக்கு வறண்டு திரும்புவார். அவர்கள் இங்கே வந்தால், மனதார மறுத்துவிட்டு வீட்டுக்கு வீடு ஒரு மங்கு குடிப்பார்கள்.

புதிதாகக் குடிவருவோர் கவனத்துக்கு: 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர். உங்களுக்கும் இருந்தால் சுற்றுகளுக்குக் காத்திராமல், எடுத்த எடுப்பிலேயே "தே ஓ கோசோங் போதுங்க்கா" என்று சொல்லிவிடுங்கள். பால் டின்னைக் கையில் எடுத்தபிறகு எந்த மருத்துவர் சீட்டும் செல்லாது.