டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர்

பழைய எஸ்.யூ.வி. எதை விசாரித்தாலும் முதல் ஓனர் டாக்டராகவே இருக்கிறார். ‘வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும்தான் சார் ஓடிருக்கு’ என்பார் புரோக்கர். மீட்டரும் 40,000 கிலோமீட்டர் என்று ஒத்து ஊதும். கிளட்ச் பெடலின் ரப்பர் மட்டும் வழவழவென்று தேய்ந்து வேறு கதை சொல்லும். டயரின் பக்கவாட்டில் 2315 என்று இருந்தால், அது 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது. ‘புது டயர் சார்’ என்று புரோக்கர் சொன்னது அப்போதைய நிலவரம்.

வாங்கியபின் திருப்பணி தொடங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பிரேக் ஆயில், காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து டிக்காஷன் நிறத்தில் கிடக்கும். கூலன்ட் இருக்க வேண்டிய இடத்தில் போர்வெல் தண்ணீர். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டால், ‘ஏசி செம கூலிங் சார்’ என்று பதில் வரும். கிரவுன் ஆயிலை இறக்கிய மெக்கானிக் மூக்கைச் சுளித்து, ‘இதுக்கும் ஆயில் மாத்தணும்னு பழைய ஓனருக்கு யாரும் சொல்லலையாண்ணே?’ என்பார்.

பேரத்தில் குறைத்த பணம் புஷ், பேரிங்கோடு கரைந்துவிடும். எல்லாம் முடிந்து வண்டி வெண்ணெயாய் ஓடும் நாளில் வீட்டில் யோசனை வரும்: ‘நல்ல கண்டிஷன்ல இருக்கும்போதே வித்துடலாமே!’