காலையில் ஓடை, மாலையில் ஆறு

இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர், ஸ்பிட்டி பள்ளத்தாக்குகளில் கிராவல் சைக்கிள் ஓட்டுவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கிராவல் சைக்கிள் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள். – மதுரை

ரோடு சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பார், மலை சைக்கிளின் (எம்.டி.பி.) தாழ்ந்த கியர், 40 முதல் 50 மி.மீ. அகலத்தில் டயர். இவை மூன்றும் சேர்ந்தது. தார், மண், சரளை மூன்றிலும் ஓடும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006-ல் தொடங்கிய 200 மைல் பந்தயம் (இன்று ‘அன்பவுண்ட்’) இந்த ஆசையை ஊர் ஊராகப் பரப்பியது. 2022-ல் இத்தாலியில் முதல் உலக சாம்பியன்ஷிப்பும் நடந்தது.

ஸ்பிட்டி போவதற்காகப் புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா? – கோவை

வேண்டாம். வீட்டில் இருக்கும் ஹைப்ரிட் சைக்கிளின் ஃபிரேமில் 40 மி.மீ. டயர் உரசாமல் சுற்றினால் அதுவே போதும். அந்தக் காசை நல்ல டயரிலும் கியரிலும் போடுங்கள். மூட்டையோடு ஏற, முன் பல்சக்கரத்தைவிடப் பின்னால் இருப்பதில் பல் கூடுதலாக இருக்க வேண்டும். முன்னால் 30, பின்னால் 36 என்றால் முழங்கால் பிழைக்கும்.

மணாலி வழியில் தூரம் குறைவு. எல்லோரும் ஏன் சிம்லா வழியாகப் போகச் சொல்கிறார்கள்? – சென்னை

தூரத்தைக் கால் சமாளிக்கும். உயரத்துக்கு உடம்பு பழக நாள் வேண்டும். மணாலி சுமார் 2,000 மீட்டர். அங்கிருந்து கிளம்பினால் மூன்று, நான்கு நாளில் 4,500 மீட்டரைத் தாண்டிய குன்சும் கணவாயில் நிற்பீர்கள். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடற்கரையில் கிடைப்பதில் 57 சதவீதம்தான். சிம்லா வழி அப்படியல்ல. சட்லஜ் ஆற்றோடு போய், கல்பா, நாக்கோ, தாபோ என்று ஒவ்வொரு ஊரிலும் தூங்கி எழுந்து காஸா சேர்வதற்குள் ரத்தமும் மூச்சும் தம்மைத் திருத்திக்கொள்ளும்.

காற்றும் சிம்லா வழிக்குத்தான் சாதகம். ஸ்பிட்டி ஆறு குன்சும் பக்கம் தொடங்கித் தென்கிழக்கே ஓடி, காப் என்ற இடத்தில் சட்லஜில் கலக்கிறது. மதியத்துக்குமேல் காற்று ஆற்றுக்கு எதிராக, பள்ளத்தாக்கின் மேற்புறம் நோக்கி வீசும். சிம்லாவிலிருந்து வருபவரை அது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். குன்சுமிலிருந்து காஸாவுக்கு வருபவர் இறக்கத்தில்கூட மிதித்துத்தான் தீர வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? – சேலம்

நாற்பது. ஊரில் நூறு ஓட்டுகிறவருக்கும் இங்கே நாற்பதுதான்.

சுற்றுலாதானே! விடியும்போதே கிளம்ப வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறீர்கள்? – பெங்களூரு

அங்கே வெயில் வைத்ததுதான் சட்டம். சூரியன் ஏற ஏற மலைச்சரிவு சூடாகும். சூடான காற்று மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று பள்ளத்தாக்கு வழியே பாய்ந்து வரும். பத்து மணிக்கு இதமாக இருந்த காற்று மூன்று மணிக்கு மணலை வாரிக் கண்ணில் அடிக்கும். அதே வெயில்தான் மேலே பனியை உருக்குகிறது. உருகிய தண்ணீர் பாதை வரை இறங்கி வரச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் ‘நாலா’ என்று அங்கே சொல்லும் ஓடைகள் பிற்பகலில்தான் பெருகும். காலையில் கணுக்கால் நனைந்த இடத்தில் மாலையில் தொடை வரை தண்ணீர் நிற்கும். இரவு உறைந்து பாறை இடுக்கைப் பிடித்திருந்த பனிக்கட்டி பிடியை விடுவதும் வெயில் பட்ட பிறகுதான்.

காற்று, தண்ணீர், கல் என்று மூன்றும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன. அந்தக் கடிகாரம் தெரிந்தவருக்கு எந்தச் சைக்கிளும் நல்ல சைக்கிள்தான். அதனால் குன்சும் இறங்கியதும் அன்றைக்கே மணாலி பக்கம் பாயாதீர்கள். கணவாய் அடிவாரத்துப் பத்தாலில் படுத்து, விடிந்ததும் சத்ரு என்ற இடத்தை நோக்கிக் கிளம்புங்கள். மொத்தப் பயணத்திலும் தண்ணீர் அதிகமாகக் குறுக்கிடுவது அந்தப் பகுதியில்தான். அங்கே சந்திரா ஆற்றோடு இறங்குவதால் மதியக் காற்றும் எதிரே வரும். என் கணக்கில் பகல் ஒரு மணிக்குள் அன்றைய சவாரி முடிய வேண்டும். மிச்சப் பொழுது ஊருக்கு. ஸ்பிட்டியின் கோடைப் பயிர் பச்சைப் பட்டாணி. வயலோரம் கொஞ்ச நேரம் நின்றால் பேச்சுத்துணை தானாக வரும்.

ஓடையை ஓட்டியே கடக்கலாமா, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டுமா? – திருச்சி

அடி தெரிந்தால் ஓட்டலாம், தெரியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். பனிமலைத் தண்ணீர் சுண்ணாம்பு கரைத்துவிட்ட மாதிரி வெளுத்திருக்கும். அடியில் இருப்பது முட்டையளவு கல்லா, பூசணியளவு கல்லா என்று கண்ணுக்குப் பிடிபடாது. குறுகலான இடம் கடக்கச் சுலபமாகத் தோன்றும், ஆனால் அங்கேதான் ஆழமும் வேகமும். அகலமாக விரிந்து சலசலக்கும் இடமே நல்லது. இறங்குமுன் ஒரு நிமிடம் காது கொடுங்கள். தண்ணீருக்கடியில் கல் உருண்டு ‘தொம், தொம்’ என்று மோதும் சத்தம் கேட்டால் காலே வைக்காதீர்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றாலும் அப்படியே. கரையில் தங்கி, மறுநாள் காலை கடந்து போகலாம்.

ஊரில் 40 பி.எஸ்.ஐ. காற்று அடித்துக்கொண்டு மலை ஏறினால் டயர் வெடிக்குமா? – ஈரோடு

வெடிக்காது. வெளியே காற்றழுத்தம் குறைவதால் 4,500 மீட்டரில் உங்கள் கேஜ் ஏறக்குறைய ஆறு பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும், குளிர் அதில் கொஞ்சத்தைக் கழித்துவிடும். பயம் வேண்டாம், ஆனால் விறைத்த டயர் சரளையில் துள்ளும், பிடிக்காது. 45 மி.மீ. டயருக்கு முப்பதை ஒட்டி வைத்துக்கொண்டு, உங்கள் எடைக்கும் மூட்டைக்கும் ஏற்றபடி கூட்டிக் குறையுங்கள்.

தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு தொடரலாமா? – யாழ்ப்பாணம்

இந்தக் கேள்வியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தலைவலியோடு குமட்டலும் சோர்வும் இருந்தால் அன்று மேலே ஏறக் கூடாது. அங்கேயே தங்கி, தண்ணீர் குடித்து, ஓய்வெடுங்கள். குறையவில்லையென்றால் இறங்குங்கள். கூட வரும் நண்பருக்கு இப்படி இருந்தால், தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலும் விரலுமாக ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். நண்பர் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவானாலும் வண்டி பிடித்துக் கீழே கொண்டுபோய் விடுங்கள். சைக்கிளைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு எடுப்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் அளவு. உயரத்துக்குப் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கிளம்புமுன் கேளுங்கள்.

காஸாவில் ஓய்வு நாளில் சும்மா இருக்க முடியாதே! – சிங்கப்பூர்

மூட்டையை அறையில் வைத்துவிட்டு லாங்சா, ஹிக்கிம், கோமிக் என்று ஒரு சுற்று போய்வாருங்கள். 4,500 மீட்டர் வரை ஏறி, இரவு காஸாவுக்கே இறங்கித் தூங்கினால் உடம்புக்கு நல்ல பழக்கம். ஹிக்கிமில் சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் தபால் நிலையம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கார்டு போடுங்கள். லாங்சாவில் பிள்ளைகள் சுருள் சுருளான கல்லை நீட்டுவார்கள். அது இமயம் எழுமுன் அங்கே இருந்த டெத்திஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் உயிரியின் புதைபடிவம். நம் பூஜையறைகளில் இருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமமும் அதே இனம்தான். கையில் வாங்கி வரியைத் தடவிப் பாருங்கள். விலைக்கு வாங்காதீர்கள். ஆளுக்கொன்று கொண்டுவந்தால் அந்த மலையில் என்ன மிஞ்சும்?

இவ்வளவு பெரிய மலையை ஆறு எப்படி அறுத்தது? – தஞ்சாவூர்

சட்லஜுக்கு இமயத்தைவிட வயது அதிகம் என்பது நிலவியலாளர்கள் பலர் சொல்லும் விளக்கம். மலை எழும்ப எழும்ப ஆறு தன் வழியை விடாமல் அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் திபெத்தில் பிறந்த ஆறு மலைத்தொடரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வருகிறது. காப் பாலத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள், வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். அந்த ஆறு அடங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். திபெத்தில் பாரேச்சு ஆற்றை 2004-ல் மண்சரிவு அடைத்து ஏரியாக்கியது. 2005 ஜூனில் அது உடைத்துக்கொண்டு ஸ்பிட்டி, சட்லஜ் வழியே வெள்ளமாக இறங்கியது.

கல் விழும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? – திண்டுக்கல்

பாதையே சொல்லும். பழைய கல்லின் முகம் மங்கியிருக்கும். புதிதாக விழுந்த கல்லின் உடைந்த பக்கம் வெளிறி, விளிம்பு கூராக, சுற்றிலும் பொடி சிதறிக் கிடக்கும். அதைக் கண்டால் போட்டோ, பிஸ்கட் எல்லாம் அடுத்த வளைவுக்குப் பிறகுதான். இயர்போனைக் கழற்றிவிடுங்கள். பெரிய கல்லுக்கு முன் சின்னக் கல் உருளும் சத்தம் பெரும்பாலும் கேட்கும். மழைக்காலத்தில் கின்னௌர் பக்கமே போகாதீர்கள். 2021 ஆகஸ்டில் நிகுல்சரியில் மலை சரிந்து பேருந்தும் மற்ற வண்டிகளும் புதைந்து 28 பேர் இறந்தார்கள். ஸ்பிட்டி மழை மறைவுப் பகுதிதான். ஆனால் சிம்லா வழியில் அங்கே போகக் கின்னௌரைக் கடந்தாக வேண்டும்.

அப்படியானால் எந்த மாதம்? – நெல்லை

செப்டம்பர், அதுவும் இரண்டாம் பாதி. மழை விலகியிருக்கும், உருகும் பனி குறைந்திருக்கும், கின்னௌரில் ஆப்பிள் பறித்துக்கொண்டிருப்பார்கள். ஜூனில் போனால் குன்சும் திறந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

எந்த உதிரிபாகத்தை மறக்கவே கூடாது? – புதுச்சேரி

டீரெய்லர் (derailleur) ஹேங்கர். பின் கியரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் விரலளவு அலுமினியத் துண்டு அது. சைக்கிள் ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்து கல்லில் இடித்தாலே வளைந்துவிடும். மாடலுக்கு மாடல் வடிவம் வேறு, காஸாவில் கிடைக்காது. ஊரிலேயே இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு ஜோடி பிரேக் பேடும். ஈரமும் மணலும் அதைத் தின்றுவிடும்.

சமவெளியில் இருக்கும் எனக்கு 52 வயது. என்ன பயிற்சி? – நாகப்பட்டினம்

முதலில் டாக்டரிடம் ஒரு சோதனை. பிறகு கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் மூட்டையோடு, மெதுவாக, அடுத்தடுத்து இரண்டு நாள் ஏறுங்கள். இரண்டாம் நாள் காலை ஆசையோடு சைக்கிளைத் தொட்டால் நீங்கள் தயார். உயரத்துக்கு ஊரில் பயிற்சி கிடையாது, அங்கே போய் நாள் கொடுப்பதுதான்.

பள்ளத்தாக்குச் சாலைக்கெல்லாம் தார் போட்டுவிட்டால் கிராவல் சைக்கிளுக்கு என்ன வேலை? – கரூர்

தார் வரட்டும். நமக்கு அது விடுமுறைப் பாதை. அந்த ஊர்க்காரர்களுக்குப் பட்டாணி லாரியும் பிரசவ வண்டியும் போகும் பாதை. சிச்சாம் கிராமத்துப் பாலம் 2017-ல் திறக்கும்வரை, கீழே கிடுகிடு பள்ளம் இருக்க, கம்பியில் தொங்கும் கூடையில் உட்கார்ந்து கயிற்றை இழுத்துத்தான் அந்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் பாலத்தின் நடுவில் நின்று ஒரு முறை கீழே பார்த்தவர் யாரும் சரளை போய்விட்டதே என்று வருந்த மாட்டார். நமக்கு மண் பாதை தேவையென்றால் ‘பின்’ என்ற ஆற்றின் ஓரமாக முத் கிராமத்துக்குப் போகலாம், கோமிக்கிலிருந்து டெமுலுக்குப் போகலாம். டெமுல் போகிறவர்கள் தண்ணீரையும் சாப்பாட்டையும் காஸாவிலேயே கட்டிக்கொள்ளுங்கள், வழியில் கடையை நம்ப வேண்டாம்.